பூஜையன்று கேட்ட பிரஸ் சத்தம்

அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. வீட்டில் கீபோர்டு வைத்து எலக்ட்ரானிக் மியூசிக் பண்ணுவேன். ஆயுத பூஜைக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். கேட்டது சினிமாப் பாட்டு. எனக்கு அது ஆகவே ஆகாது. எங்கள் கம்பெனியில் இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் இறங்கும் சத்தத்தை முந்தின வாரமே பதிவு செய்து, கீபோர்டில் ஒரு கட்டையில் ஏற்றி வைத்திருந்தேன்.

பூஜையன்று எந்த மெஷினும் ஓடக் கூடாது. ஷெட்டுக்குள் ஒருவர் பிரஸ்ஸுக்குள் கைவிட்டுப் பூச்சரம் கட்டிக்கொண்டிருந்தார். வெளியே பந்தலில் நான் கட்டையை அழுத்தினேன். ஷெட் வாசலில் இருந்த ஸ்பீக்கரில் தடார், தடார் என்று விழுந்தது.

முன்வரிசையில் இருந்த பிரஸ் ஆபரேட்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். "கரண்ட்ட ஆஃப் பண்ணுங்கடா, உள்ள ஆளு கீறான்!" அவர் பின்னால் பத்துப் பேர் ஓடினார்கள். நான் கையை எடுத்தேன். சத்தம் நின்றதில், ஆள் மாட்டிக்கொண்டான் என்று அவர்கள் இன்னும் பயந்துபோனார்கள்.

பூக்கட்டியவர் முழுசாக வெளியே வந்தார். ஆபரேட்டர் என் எதிரில் வந்து நின்றார். அவர் வலது கையில் இரண்டு விரல்கள் கிடையாது.

"இன்னாமா, இதுவா பாட்டு?"

பிறகு எத்தனையோ மேடைகளில் வாசித்துவிட்டேன். அவரைப் போல யாரும் என்னைக் கேட்டதில்லை.