வால்வண்டிக்கு ஒரு மாற்றுச் சக்கரம்

வல்லம் கடலில் கவிழ்வதைப் பற்றி ஊரெல்லாம் பேசும். கடலுக்குப் போகிற வழியில், நடுரோட்டில் அது நொண்டி நிற்பதைப் பற்றிப் பேச எங்கள் தொழில்காரர்களை விட்டால் ஆளில்லை. லாரிக்குப் பின்னால் எதையாவது கட்டி இழுத்து, டயர் போய், வெயிலில் நின்று, வழிப்போக்கர்களின் யோசனைகளையெல்லாம் கேட்டு நொந்தவர்களே, இது உங்களுக்காக எழுதியது. மற்றவர்கள் வேண்டுமானால் சிரித்துக்கொள்ளலாம்.

திருவனந்தபுரத்தில் பி.ஏ. முடித்து நாகர்கோவிலுக்கு வந்த எனக்கு வீட்டில் இரண்டு வழி காட்டினார்கள். ஒன்று கலியாணம், மற்றொன்றும் கலியாணம். நான் மூன்றாவது கேட்டேன். சித்தப்பாவிடம் ஒரு லாரி இருந்தது. கீரிப்பாறை மலையடிவாரத்துப் பட்டறையில் செய்கிற வல்லங்களைக் கடற்கரையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் தொழில். வல்லம் லாரிக்குள் அடங்காது. ஆகவே ஒரு பழைய மோட்டார் காரின் அச்சையும் இரண்டு சக்கரங்களையும் வைத்து வண்டி ஒன்று கட்டி, லாரிக்குப் பின்னால் மாட்டியிருந்தார். வல்லத்தின் மூக்கு லாரியின் மேலும் மற்றதெல்லாம் அதன் மேலுமாகக் கிடக்கும். எல்லாரும் அதை வால்வண்டி என்பார்கள். வல்லத்தோடு கூடப் போய், அதை வாங்கின பார்ட்டியிடம் பத்திரமாக ஒப்படைத்து வருவது எனக்குக் கிடைத்த வேலை.

“இந்த சீசன் பாப்போம்,” என்றார் சித்தப்பா. “பார்ட்டிமாரு குறை சொல்லாம நடந்தா நீ இதிலேயே நில்லு. குறை வந்துதுன்னா, பொறவு நான் பாக்குற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டணும், கேட்டியா?”

யானையும் ஆட்டுக்குட்டியும்

முதல் பயணம் மணக்குடிக்கு. சுசீந்திரம் தாண்டி, இரண்டு பக்கமும் வயலாகக் கிடந்த இடத்தில் வால்வண்டியின் இடதுபக்க டயர் உட்கார்ந்துவிட்டது. டிரைவர் மீரான் காக்கா கோட்டாற்றுக்காரர், பதற்றமில்லாத மனிதர். லாரியின் பக்கத்தில் கட்டியிருந்த மாற்றுச் சக்கரத்தை அவிழ்த்து உருட்டிக்கொண்டு வந்தார். வால்வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினால், ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்தில் யானை. ஒன்றுக்கொன்று எந்த ஜன்மத்திலும் சேராது. இது அவருக்கு முன்பே தெரியாதா என்று கேட்டேன். தெரியுமாம். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் அவிழ்த்து வந்து வைத்துப் பார்ப்பாராம். “ஒரு சமாதானத்துக்குத்தான், பிள்ளே,” என்றார்.

டியூபைக் கழற்றி ஒட்டுப் போட்டுக் காற்றடித்து முடிப்பதற்குள் வெயில் தலைக்கு மேல் வந்துவிட்டது. கூட வந்த வல்லக்காரர் வரப்பில் குந்தியிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். கடைசியில் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுச் சொன்னார்: “லாரிக்கு மாத்துச் சக்கரம் இருக்கு, வல்லத்துக்கு இல்ல. அப்பம் லாரியைக் கடல்ல தள்ளுங்க. நான் வல்லத்தில ரோட்டோட போறேன்.”

சித்தப்பாவின் தர்க்கம்

கல்லூரியில் தர்க்கசாஸ்திரம் படித்தவள் நான். அன்று மாலையே சித்தப்பாவிடம் முறையாக வாதத்தை வைத்தேன். பாரத்தில் பெரும்பங்கு வால்வண்டியின் மேல், டயர்களோ கிழடு, சேரக்கூடிய மாற்றுச் சக்கரம் கிடையாது. ஆகவே ஒன்று வாங்க வேண்டும். எங்கே ஓட்டை இருக்கிறது இந்த வாதத்தில்?

சித்தப்பா காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, ஆகாத பேச்சைப் பேசுகிறேன் என்றார். சாமானை முன்கூட்டி வாங்கி வைத்தால் கஷ்டத்துக்கு நாமே பாய் விரித்துக் கொடுத்த மாதிரி என்றார். அப்படியானால் குடை வைத்திருப்பதால்தான் மழை பெய்கிறதா என்று கேட்டேன். அது குடை என்றார். பிறகு எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முடிவாகச் சொன்னார்: “ஏட்டி, பஞ்சராகும்னு நெனச்சு ஒருத்தன் சக்கரம் வாங்கி வச்சா, அது பஞ்சராகாம விடுமா?”

பலகை

சக்கரம் இல்லாவிட்டாலும் மற்றதையாவது ஒழுங்காக வைத்துக்கொள்வோம் என்று ஆரம்பித்தேன். புறப்படுமுன் காற்று பார்ப்பது, ஒட்டுப் போடும் பசை காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது, மணலில் ஜாக்கி புதையாமலிருக்க அதன் கீழே வைக்க ஒரு கனத்த பலகை. பலகையை நானே பட்டறையில் கேட்டு வாங்கி லாரியில் போட்டேன்.

ராஜாக்கமங்கலம் பக்கத்து மணலில் டயர் போனது. ஜாக்கியை வைத்தோம். அது மணலுக்குள் இறங்கியது; வண்டி மட்டும் எழும்பவில்லை. பலகை எங்கே? வல்லம் ஏற்றி இறக்குகிற அய்யாவு அதை முந்தின நாளே பிளந்து, அடுப்பு மூட்டி, கருப்பட்டிக் காப்பி போட்டிருக்கிறார். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார், நானும் குடித்திருக்கிறேன்! அது எதற்காக வைத்த பலகை என்று மணலில் நின்று தொண்டை கட்டும்வரை விளக்கினேன். படித்த பெண்ணென்றால் பள்ளிக்கூடத்து வாத்திச்சிதான் என்பது அவர் எண்ணம். சாவகாசமாகச் சொன்னார்: “சும்மா கெடந்த பலகைக்கே இந்தப் பாடு படுத்துதியளே டீச்சரம்மா, உபயோகத்தில உள்ளதா இருந்தா என்ன செய்வியளோ!”

இரணியல் ரோட்டில் சப்பரம்

சீசனின் பெரிய வல்லம் குளச்சல் மிக்கேல் அண்ணாச்சியுடையது. பட்டறையில் தூக்கின புது வல்லம் கடற்கரை மணலில்தான் முதலில் அடி வைக்க வேண்டும், இடையில் வேறு மண்ணைத் தொடக்கூடாது என்பது அவர் குடும்பத்து வழக்கம். கரையில் பங்குச் சாமியார் வல்லத்தை மந்திரிக்கக் காத்திருக்கிறார். சொந்தக்காரர்களுக்கு விருந்து வெந்துகொண்டிருக்கிறது. புறப்படுமுன் நான் மறுபடியும் சொன்னேன், எல்லார் காதிலும் விழும்படி: இந்தப் பாரத்துக்கு இந்த டயர் தாங்காது.

இரணியலுக்குப் பக்கத்தில் வெடித்தது. பஞ்சர் இல்லை, டியூப் நார்நாராகக் கிழிந்துவிட்டது. இவ்வளவு பெரிய வல்லத்தை இறக்காமல் அந்த ஜாக்கி வண்டியைத் தூக்காது. இறக்கவோ, கூட வந்த அண்ணாச்சி விடமாட்டார். கடைசியில் சந்தைக்குப் போகிறவர்கள், சந்தையிலிருந்து வருகிறவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு, வல்லத்தைச் சப்பரம் மாதிரித் தோளில் தாங்கி நிற்க வைத்தார்கள். மீரான் காக்கா டயருக்குள் டியூபுக்குப் பதிலாகத் தேங்காய் நாரைத் திணித்துத் திணித்து இறுக்கினார். பிறகு நடந்து போகிற வேகத்தில், புகை நாற்றத்தோடு குளச்சலுக்குப் போய்ச் சேர்ந்தோம். சாமியார் போய்விட்டிருந்தார். சோறு ஆறியிருந்தது.

என் பேரில் தப்பில்லை, நான் சீசன் முழுக்கச் சொன்னேன் என்று மிக்கேல் அண்ணாச்சியிடம் வாதாடினேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். விருந்துக்கு வந்திருந்த சித்தப்பாவை வருத்தத்தோடு திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “நீங்க வாயெடுத்துச் சொன்னதெல்லாம் பலிச்சுதுல்லா? சொல்லாம இருந்திருக்கப்பிடாதா?”

ஜெயம்

அடுத்த வாரம் சித்தப்பா வால்வண்டிக்கென்று ஒரு மாற்றுச் சக்கரம் வாங்கி வந்தார். பட்டறை வாசலில் அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அதை எங்கே வைப்பது? லாரியின் பக்கத்தில் லாரிச் சக்கரம் இருக்கிறது. பின்பக்கம் முழுவதும் வல்லத்தின் மூக்கும் வடங்களும். மீரான் காக்கா என் முகத்தைப் பார்க்காமல், டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் சக்கரத்தைத் தூக்கி வைத்துக் கயிற்றால் கட்டினார். அப்படியானால் நான் எங்கே உட்காருவது என்று கேட்டேன். “குறை வந்தாச்சுல்லா, மக்கா,” என்றார் சித்தப்பா. “ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாறாவ.” நான் அந்தச் சக்கரத்துக்காகத்தானே சீசன் முழுக்கப் பேசினேன் என்று ஆரம்பித்தேன். அன்று வல்லம் ஏற்ற வந்திருந்த புதுப் பார்ட்டி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். முன்சீட்டை எட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்: “இதுதான் கொள்ளாம். சக்கரம்னா எதிர்த்துப் பேசாதுல்லா.”

ஆகவே வால்வண்டி இழுக்கிற சகோதரிகளே, மாற்றுச் சக்கரம் வேண்டுமென்று வாதாடுமுன், அதை வைப்பதற்கு உங்கள் சீட்டைத் தவிர வேறு இடம் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.