பார்வைக்கோ காதுக்கோ எட்டும் தூரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. மலேசியாவில், கிள்ளானில் லிப்ட் பழுது பார்ப்பது என் தொழில். இருட்டான லிப்ட் குழிக்குள் தனியாக இறங்கி நின்றிருக்கிறேன். ஏதாவது சத்தம் கேட்டால் எந்த போல்ட் தளர்ந்தது என்றுதான் யோசிப்பேன். கடவுளை நம்புகிறவள்தானே, இதை நம்பினால் என்ன என்பீர்கள். அது வேறு, இது வேறு. நடந்ததைச் சொல்கிறேன், பிறகு உங்கள் இஷ்டம்.

நாங்கள் மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த குடும்பம். எங்கள் சபையில் விரும்பும் இளம்பெண்கள் ஒன்றரை வருடம் வெளியூரில் ஊழியம் செய்யலாம். என்னைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பினார்கள், செங்கத்தில் வாடகை வீடு. ஆறரைக்கு எழுந்து ஜெபம், படிப்பு, ஒன்பதரைக்கு வெளியே, இரவு ஒன்பதுக்குள் வீடு, வாரத்தில் ஒரு நாள் துணி துவைத்துவிட்டு அம்மாவுக்குப் போன். நானே எதற்கும் பட்டியல் போடுகிறவள் என்பதால் கஷ்டம் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி உண்டு: எப்போதும் இருவராகத்தான் இருக்க வேண்டும். குளியலறை தவிர வேறெங்கும் துணையின் பார்வைக்கோ காதுக்கோ எட்டாத தூரம் போகக் கூடாது.

என் துணை ராஜமுந்திரிக்காரி. சட்டையில் குத்தும் அட்டையில் குடும்பப் பெயர் மட்டும்தான் இருக்கும், அதனால் அவள் சிஸ்டர் மல்லாடி, நான் அப்பா பெயரில் சிஸ்டர் முனியாண்டி. அவளுக்குத் தனிமை என்றாலே பயம். வந்த முதல் நாளே பாதித் தெலுங்கில், "தனியா விட்டு போவத்து சிஸ்டர், ப்ளீஸ்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சரி என்றேன்.

செங்கம் சந்தையில் பழக்கமான மல்லிகாக்காவுக்கு நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் மலையில் சாமைக் கொல்லை. அறுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை என்றார், உதவிக்குப் போனோம். இப்படிப் போகும் நாளில் மதம் பேச மாட்டோம், வேலை மட்டும்தான். நான் அரிவாளைப் பிடித்த விதத்தைப் பார்த்து அக்கா கேட்டார்:

"இன்னாம்மா, மோதர வெரல்ல பாதியக் காணோம்?"

"லிப்ட் வேலைப் பயிற்சியில மெஷின் நசுக்கிடுச்சுக்கா."

"மிச்சத்த எங்க அருவாளுக்குக் குட்த்துடாத தாயி."

மல்லாடி கதிர்மேல் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான்.

கடைசி ஷேர் ஜீப் நாலு மணிக்கு. என் பட்டியலில் மூன்று பத்துக்குக் கிளம்ப வேண்டும், ஆனால் அக்கா போட்ட களியை மல்லாடி இரண்டாம் முறை வாங்கித் தின்றதில் மூன்றரை ஆகிவிட்டது. இறங்கும்போது பனி வேறு மூடிக்கொண்டது. புதுச் செருப்பு கடிக்கிறது என்று அவள் நின்று நின்று வந்தாள். எனக்கு எரிச்சல். பார்வை அல்லது காது என்றுதானே விதி, காதே போதும் என்று நான் முன்னால் நடந்துவிட்டேன்.

காதில் எல்லாம் சரியாகத்தான் கேட்டது. செருப்பை இழுக்கும் சத்தம், அவள் பையில் தொங்கும் சாவிக் கொத்து, நடுவில் ஒரு இருமல். இரண்டு முறை "வர்றீங்களா சிஸ்டர்?" என்று கேட்டேன், இரண்டு முறையும் பதில் வந்தது: "போய்ட்டே இருங்க, வர்றேன்."

புளியமரத்தடியில் ஜீப் நின்றது. ஓட்டுநர் அண்ணன் என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா தனியா வர்றீங்க? கழுத்துல கயிறு கட்ன மாதிரி ஜோடியாதான திரிவீங்க" என்றார்.

திரும்பினேன். யாருமில்லை. சாவிச் சத்தமும் இல்லை.

ஓடினேன், அண்ணனும் பின்னாலேயே வந்தார். அக்கா வீட்டுக்குக் கீழே முதல் வளைவு, அதாவது நான் முந்தி நடக்கத் தொடங்கிய அதே இடத்தில், பாதையின் ஓரம் சரிந்திருந்தது. கீழே சரிவில் அவள் குப்புறக் கிடந்தாள், வலது கை மட்டும் மேலே நீட்டியபடி. அதற்கும் கீழே பாறை, ஓடை. என் முகத்தைப் பார்த்ததும் அழுதாள்: "ஏன் இப்போ கை விட்டே?" சொல்லும்போதே சறுக்கத் தொடங்கினாள். அண்ணன் பாய்ந்து படுத்து அவளுடைய இடது கையையும் பை வாரையும் பிடித்தார், நான் அவர் கால்களைப் பிடித்து இழுத்தேன். அவளை நான் தொடவே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே வந்ததும் அண்ணன் அந்த மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்தார், பொலபொலவென்று உதிர்ந்தது. "ஒரு நிமிசம் நிக்காது இந்த மண்ணு. யாரும் புடிக்காம இம்மா நேரம் எப்டிம்மா இருந்துச்சு இந்தப் பொண்ணு?"

"சிஸ்டர் பிடிச்சிந்தி," என்றாள் மல்லாடி, என்னைக் காட்டி. விழுந்த உடனே நான் திரும்பி வந்து, பாதையில் படுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேனாம். அவள் எவ்வளவு பேசியும் நான் பேசவில்லையாம். கை மட்டும் ஜில்லென்று இருந்ததாம். திரும்பும் வழியில்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. "போய்ட்டே இருங்க, வர்றேன்" என்று அவ்வளவு சுத்தமாக அவளுக்குத் தமிழ் வராது. வர்றேன் என்பதற்கு எப்போதும் தெலுங்கில் "வஸ்தா" என்பாள்.

அன்று இரவு எங்கள் ஊழியப் பொறுப்பாளர் போனில் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: இன்று முழுவதும் இருவரும் சேர்ந்தே இருந்தீர்களா? நான் வாய் திறப்பதற்குள் மல்லாடி முந்திக்கொண்டாள். ஒரு நிமிடம்கூட நான் அவளை விட்டு நகரவில்லை என்றாள். இன்றுவரை அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை, ஒவ்வொரு வருடமும் அவள் நன்றி சொல்லிச் செய்தி அனுப்பும்போதும் சொல்லவில்லை.

அது பயத்தில் வந்த பிரமை என்று நீங்கள் சொல்லலாம், நானும் அப்படித்தான் எழுதி வைத்திருப்பேன். ஆனால் மறுநாள் ஆஸ்பத்திரிக்காக எடுத்த படம் என் போனில் இருக்கிறது. அவளுடைய வலது மணிக்கட்டில் விரல்கள் அழுந்திய நீலத் தடம். அதில் மோதிர விரலின் தடம் மட்டும் பாதியில் நிற்கிறது.

அவளைப் பிடித்திருந்தது என் கைதான் என்றால், புளியமரம் வரை நடந்து போனது யார்?