நீர்நாய்களும் தணிகாசலத்தின் ‘ஷௌட்மெண்ட்’டும்

தணிகாசலம் காத்தோங் வட்டாரத்தில் ஒரு கொண்டோமினிய அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலர். பதவி உயர்வுக்கு ஆங்கிலம் வேண்டுமென்று, ஐம்பத்தெட்டு வயதில் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தார். ‘கைண்ட்’டோடு ‘னெஸ்’ சேர்த்தால் ‘கைண்ட்னெஸ்’, ‘மூவ்’வோடு ‘மெண்ட்’ சேர்த்தால் ‘மூவ்மெண்ட்’ என்று முதல் வகுப்பில் கற்றதுமே, ஆங்கிலம் முழுவதும் தன் சட்டைப்பைக்குள் வந்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. இரண்டாம் வகுப்புக்குப் போகவில்லை.

ஒருநாள் காலை நீர்நாய்க் கூட்டம் ஒன்று வளாகத்துக்குள் புகுந்து, அங்கிருந்த அலங்காரக் குளத்து மீன்களை மொத்தமாகத் தின்றுவிட்டது. குடையை ஓங்கிக் கத்தியபடி குளத்தைச் சுற்றி ஓடியதுதான் தணிகாசலம் காட்டிய வீரம். அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினார்: நீர்நாய்களின் ‘அரைவ்மெண்ட்’, மீன்களின் ‘டிஸப்பியர்னெஸ்’, தன்னுடைய ‘ஷௌட்மெண்ட்’.

மேலாளர் வைஷாலி படித்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார்.

“அங்கிள், அது அரைவல், டிஸப்பியரன்ஸ். இந்த ஷௌட்மெண்ட் என்ன லா? ஷௌட் சும்மா ஷௌட்தான். எதையும் ஒட்ட வேணாம்.”

தணிகாசலத்துக்குக் காது சூடானது. அந்தக் கத்தலை ஒரு நீர்நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. காகிதத்திலாவது அதற்குக் கம்பீரம் சேர்க்கப் பார்த்திருக்கிறார்! நினைத்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“வெறும் கத்தல்தாம்மா அது. நான்தான் பொன்னாடை போத்திட்டேன்.”

அந்தச் சனிக்கிழமை வகுப்பில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

“இவ்வளவு நாளா ஏன் வரல?” என்று ஆசிரியை கேட்டார்.

“ஓவர் கான்ஃபிடண்ட்னெஸ், டீச்சர்.”

“கான்ஃபிடன்ஸ்,” என்றார் ஆசிரியை. தணிகாசலம் தலைகுனிந்து எழுதிக்கொண்டார்.