மாதந்தோறும் வரும் வெள்ளம்

ஒருநாளும் பள்ளியில் பாடம் நடத்தியிராத என்னைக் கேரளத்துக் கொல்லங்கோட்டார் 'மாஷே' என்றே விளிக்கின்றனர். ஆசிரியரைக் குறிக்கும் மலையாளச் சொல் அது. மூக்குக்கண்ணாடியும் நரையும் உடையவர் எவராயினும் இங்கே மாஷ்தான். கும்பகோணத்தில் நான் வெறும் தணிக்கையாளன். எல்லை கடந்ததும் ஊதியமில்லாத ஆசிரியப் பதவி வாய்த்தது. குடிபெயர்ந்தோர்க்கு இத்தகைய பட்டங்கள் கேளாமலே கிடைக்கும், நண்பர்களே.

சென்ற ஐப்பசியில் ருக்மணி அம்மையார் மடிக்கணினியோடு வந்தார். இவ்வூர்த் தமிழ் வேளாண் குடும்பத்தவர். மாம்பழக்கூழ் ஆலை தொடங்க வங்கிக் கடன் கேட்டிருந்தார். வரும் ஆண்டுகளின் வரவு செலவை விரிதாளில் தாமே கணித்திருந்தார். நான் ஆராய்ந்து வங்கிக்கு நல்லறிக்கை தந்தால்தான் கடன். மாம்பருவத்துக்குமுன் இயந்திரம் இறங்காவிடில் ஓராண்டு வீண்.

விரிதாளை ஆராய்வோர் கூட்டுத்தொகையின் அழகில் மயங்கலாகாது. கட்டத்துக்குள் இருப்பது வாய்பாடா, கையால் இட்ட எண்ணா என்று முதலில் காணவேண்டும். பின்னர் அவ்வெண் எங்கே பிறந்தது என்று திரை காட்டும் அம்புக்குறிகளைப் பின்தொடரவேண்டும். அவ்வாறு தொடர்கையில் 'வெள்ளம்' என்றொரு செலவு வரி எதிர்ப்பட்டது. மாதந்தவறாமல் வெள்ளம்! அம்புக்குறியோ அதனைப் பழத்தின் எடையோடு பிணைத்திருந்தது. பழம் மிகுந்தால் வெள்ளமும் பெருகும் என்பது வாய்பாட்டின் துணிபு.

காவிரி கரைபுரண்ட ஆண்டுகளில் நெற்கிடங்குகளைத் தணிக்கை செய்தவன் நான். நனைந்த மூட்டைகளின் புளித்த வாடை இன்னும் மூக்கில் நிற்கிறது. அங்கே வெள்ளம் என்பது எப்போதேனும் நேரும் இழப்பு. கணக்கில் தனித்துக் காட்டப்படுவது. ஆகவே அவ்வரிக்குச் செந்நிறம் பூசி, 'இக்கணிப்பு நம்பத்தக்கதன்று' என எழுதத் தொடங்கினேன். அம்மையார் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க மாஷே, வெள்ளத்துக்கு எதுக்குங்க செகப்பு?"

"மாசாமாசம் வெள்ளம் வருமாம்மா?"

"மாசமா? தெனமும் வரோணுங்க! ஒரு நாள் வரலீன்னா கம்பெனியச் சாத்தோணும்."

"வந்தால்தானே சாத்தணும்?"

"என்னுங்க இது கூத்து! வெள்ளமில்லாம பழத்த எதுலீங்க கழுவறது, எச்சிலயா?"

மலையாளத்தில் வெள்ளம் என்பது வெறும் தண்ணீர். இங்கேயே பிறந்து வளர்ந்த அம்மையாரின் தமிழிலும் அச்சொல் ஊறிவிட்டிருந்தது. அழிவென நான் கண்ட வரி அவருடைய ஆலையின் உயிர்.

சிரித்து முடித்தபின் அவ்வரியை மீண்டும் நோக்கினேன். தண்ணீரின் விலை எல்லா மாதங்களுக்கும் ஒன்றாகவே கையால் இடப்பட்டிருந்தது. "கோடையில?" என்றேன். "லாரிதானுங்க. வெலை ரெட்டிப்பா கேப்பான்," என்றார். விலையை, மற்றக் கணக்கெல்லாம் சார்ந்திருக்கும் அனுமானங்களின் தாளுக்கு மாற்றி, கோடைக்கு மட்டும் இரட்டித்தேன். எல்லா ஆண்டுகளின் கணக்கும் ஒருசேர அசைந்தது. இலாபம் மெலிந்தது, கையிருப்பு வற்றவில்லை. செந்நிறத்தை நீக்கிக் கையொப்பமிட்டேன்.

பருவத்துக்கு முன்பே இயந்திரம் இறங்கியது. ஆலை வளாகத்தில் தோண்டிய ஆழ்குழாய்க் கிணற்றிலும் ஊற்றுக் கண் திறந்தது. அன்று கும்பகோணத்திலிருந்து என் தம்பி தொலைபேசியில் அழைத்தான்.

"அந்த மாம்பழ ஆலை என்னாச்சுண்ணே?"

"இனிக் கவலையில்ல தம்பி. ஆலைக்குள்ளயே வெள்ளம் வந்துடுச்சு."

"அய்யய்யோ! மெஷினெல்லாம் போச்சா?"

அவன் ஏன் பதறுகிறான் என்பது சிறிது நேரம் எனக்கு விளங்கவேயில்லை.