நைல் நதியும் எங்கட வாய்க்காலும்

வெண்கட்டித் தூள் தின்ற டீச்சர்மாரே, உங்களுக்குத் தெரியாததா? பிள்ளைகளுக்கு ஒண்டுமே தெரியாத பாடத்தைப் படிப்பிக்கிறது லேசு. பாதி தெரிஞ்ச பாடம்தான் உசிரை வாங்கும்.

எழுபதுகளின் கடைசியில், கல்முனைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒண்டில எனக்குச் சமூகக்கல்வி டீச்சர் வேலை கிடைச்சிது. வருசக் கடைசியில கல்வி அதிகாரி வந்து வகுப்பைப் பார்ப்பார். அவருக்குப் பிடிச்சால் வேலை நிரந்தரம், இல்லாட்டி வீட்டில இருக்க வேண்டியதுதான். எனக்கு வந்து வாய்ச்ச பாடம் நதிக்கரை நாகரிகங்கள்.

பிர்அவ்னுக்குப் புகழ்ச்சி

எகிப்தில தொடங்கினன். நைல் பெருகும், வண்டல் படியும், விளைச்சல் கொட்டும், பிர்அவ்ன் எண்ட எகிப்து ராசாமார் மலை மாதிரிக் கட்டடம் கட்டினாங்க எண்டு கையை ஆட்டி ஆட்டிச் சொன்னன். பிள்ளைகள் ஒராளை ஒராள் பார்த்துக்கொண்டு இருந்தாங்க. வாய்பிளந்து கேக்கிறாங்க எண்டு எனக்கு நல்ல சந்தோசம்.

விடிஞ்சால், பளீலா எண்ட பிள்ளைட உம்மா கேற்றடியில நிக்கிறா. "என்னகா டீச்சர், மூசா நபியத் துரத்தினவனையா புள்ளைக்குப் புகழ்ந்து குடுக்கிற?" எண்டு பிடிச்சிட்டா. கெட்டவன்தான், ஆனா கட்டினது கட்டினதுதானே எண்டு மெல்ல இழுத்தன். முக்காட்டைச் சரி பண்ணினா. பிறகு சொன்னா: "அப்ப சரி. கட்டினத எழுதட்டும். கடைசில கடல்ல மூழ்கி மவுத்தாப்போனத்தையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்க."

தலைவாய்க்காலும் கடைவாய்க்காலும்

அடுத்தது ரெண்டு ஆறு ஓடுற மெசப்பொத்தேமியா. ஆத்துத் தண்ணியை வாய்க்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுபோனாங்க எண்டு சொல்லி வாய் மூடல்ல, நற்பிட்டிமுனை றசீது எழும்பிற்றான். இவன்ட வாப்பாட வயல் வாய்க்கால்ட தலைப்பில, தண்ணி முதல்ல பாயுற இடத்தில. "டீச்சர், அங்க முதல்ல தண்ணி பாய்ச்சினது மேல் வயலா, கீழ் வயலா?"

புத்தகத்தில அது இல்லையே! நான் பக்கத்தைப் புரட்ட, வகுப்பு ரெண்டாப் பிரிஞ்சிது. அந்தப் போகம் தண்ணி குறைவு. வாப்பாமார் வயல்வட்டையில பிடிச்ச சண்டையைப் பிள்ளைகள் வகுப்புக்குள்ள கொண்டாந்திற்றாங்க. "மேல் வயல்காரனுகள்தான் மதகுத் துருசடியில கல்லடுக்கித் தண்ணியை மறிக்கிற!" "நீங்க வரம்பை வெட்டுறல்லையா?" நான் மேசையில தட்டித் தட்டிக் கை வீங்கினதுதான் மிச்சம். பக்கத்து வகுப்புக் கணக்கு மாஸ்டர் வந்து எட்டிப் பார்த்தார். "டீச்சர், செத்துப்போன ஊர்த் தண்ணிக்கு உசிரோட இரிக்கிற நாம ஏன் அடிபடுவான்?"

அதிகாரி வந்த அண்டைக்கு

அதிகாரி பக்கத்துக் காரைதீவு மனிசன். சிரிச்சால் சம்பளத்தில வெட்டுவாங்க எண்ட மாதிரி முகம். "தண்ணிக் கதையை எடுத்தீங்களோ, தொலைச்சன்" எண்டு பிள்ளைகளை முன்னமே வெருட்டி வச்சிருந்தன். சிந்துவெளி பற்றி நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு இருந்தவர், எழும்பி ஒரே ஒரு கேள்வி போட்டார். "ஆத்தங்கரையில ஏன் நாகரிகம் தோன்றினது?"

வளமான மண் எண்டு எழுதிப்போட்ட விடை பலகையிலேயே இருக்கு. அதை வாசிச்சாப் போதும். றசீது எழும்பினான். இரு, இரு எண்டு கண்ணைக் காட்டினன், அவன் கண்டால்தானே! "சேர், தண்ணி வந்தாச் சண்டை வரும். சண்டையத் தீர்க்க, தண்ணி பங்கிடுற வட்டவிதானை ஒராள் வேணும். அவர் தீர்த்து வச்சத நாளைக்கு இல்லெண்டு சொல்லாம எழுதி வைக்க இன்னொராள் வேணும். அப்பிடியே ஊர் பெருத்திரும் சேர்."

யா அல்லாஹ், வேலை போச்சு! அதிகாரி அவன்ட மேசைக்குக் கிட்டப் போனார். "உங்கட வயல் எங்க தம்பி?" எண்டார். அவன் வயல் கண்டத்தின்ட பேரைச் சொல்லி, "தலைவாய்க்கால் சேர்" எண்டான், ராசா மாதிரி. மனிசன் போய்த் தன்ட குறிப்புப் புத்தகத்தில ஏதோ எழுதிக் கையெழுத்து வச்சார். நான் பின்னால போனன். கேற்றடியில திரும்பினார். "டீச்சர், உங்கட வேலை நிரந்தரம். அந்தப் பொடியன்ட வாப்பாட்ட மட்டும் ஒருக்காச் சொல்லுங்க, அதே வாய்க்கால்ட கடைவாய்க்காலில என்ட வயலும் காயுது, அங்கயும் கொஞ்சம் நாகரிகம் வரட்டும் எண்டு."

ஆகவே டீச்சர்மாரே, எங்கட பக்கத்தில நதிக்கரை நாகரிகம் படிப்பிக்க வாறவங்க, புத்தகத்தை விரிக்க முந்தி ஆருட வயல் மேல, ஆருட வயல் கீழ எண்டு விசாரிச்சிட்டு வாறது உடம்புக்கு நல்லம்.