செங்கம் ரோட்டில் அண்ணனைத் தொலைத்த காலையும் திறக்காத வீடியோக்களும்

பக்கவாதம் வந்து தேறிய பிறகு அண்ணனுக்கு ஞாபகம் அடிக்கடி தவறியது. மலையை ஒருமுறை சுற்றிவர வேண்டும் என்பதை மட்டும் மறக்கவில்லை. பௌர்ணமிக் கூட்டம் வேண்டாமென்று போன சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை அழைத்துப் போனேன். தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் நாலரை மணி நேரம். ரமணாசிரமம் பக்கம் அறை எண்ணூறு ரூபாய். மூட்டுவலியால் அண்ணி வரவில்லை.

கிரிவலம் பதினான்கு கிலோமீட்டர். காலை ஐந்தரைக்கு ராஜகோபுரத்தில் தொடங்கினோம். ஆறே முக்காலுக்கு, ஆசிரமம் தாண்டி செங்கம் ரோட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் அவரை உட்காரவைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன். ஐந்தே நிமிடம். திரும்பி வந்தால் பெஞ்ச் காலி.

போலீஸில் சொன்னேன். கிரிவலப் பாதையில்தான் முன்னே போயிருப்பார் என்று எல்லோரும் நினைத்தோம். ஆட்டோவில் முழுச்சுற்றும் தேடினேன். இல்லை. எட்டரைக்கு டீக்கடையிலும் எதிரே இரண்டு கடைகளிலும் சிசிடிவி இருப்பதைக் கவனித்தேன்.

"இங்கியே டிவில ஓட்டிப் பாத்துடலாங்க. வேணும்னா போன்ல எடுத்துக்கோங்க" என்றார் டீக்கடைக்காரர்.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். மூன்று கேமராவையும் ஒன்றாக ஓடவிட்டால் எதுவும் தப்பாது என்று நம்பினேன். "பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க, என் லேப்டாப்ல பாத்துக்கிறேன்" என்றேன்.

அறைக்கு வந்து பார்த்தால், எடிட்டிங் சாஃப்ட்வேர் முதல் ஃபைலைத் திறக்கவே இல்லை. ரெக்கார்டர் தனக்கென்று ஏதோ ஒரு ஃபார்மட்டில் சேமித்திருந்தது. கன்வர்ட் செய்தேன். நாற்பது நிமிடம் ஓடி, வெறும் பச்சைக் கோடுகளாக வந்தது. இரண்டாவது திறந்தது, ஆனால் ஒரு மணி நேரப் பதிவு நாற்பத்தெட்டு நிமிடமாகச் சுருங்கி, ஆறே முக்காலை ஒட்டிய பகுதியே விடுபட்டிருந்தது. மூன்றாவதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, காலையில் என்னோடு தேடிய ஆட்டோக்காரர் கதவைத் தட்டினார்.

"மேடம், மணி பதினொன்னு ஆவுது. வெயில் ஜாஸ்தியாயிடுச்சி. கடையிலயே பாத்துடலாம், வாங்க."

டீக்கடை டிவியில் பார்க்க ஏழு நிமிடம்தான் ஆனது. ஆறு நாற்பத்தெட்டு. கடைக்குக் கொஞ்சம் தள்ளி, கிரிவலப் பாதை வலப்பக்கம் பிரியும் முனையில் திரும்பாமல், அண்ணன் செங்கம் ரோட்டிலேயே நேராக நடந்து போனார்.

அங்கிருந்து ஐந்தாவது கிலோமீட்டரில், பஸ் நிறுத்தத்தில் மோர் விற்ற பெண்ணிடம் விசாரித்தோம். "வேட்டி கட்னவரா? பத்தரை வரிக்கும் இங்கதான் உக்காந்துனு இருந்தாரு. பேர் கேட்டா சொல்லத் தெரில. மோர் குடுத்தேன், குடிக்கல. அப்டியே சாஞ்சிட்டாரு. ஆம்புலன்ஸ் வந்து இட்டுனு போச்சி."

அரசு மருத்துவமனையில் அவரைப் பெயர் தெரியாத ஆண் என்று எழுதியிருந்தார்கள். உயிர் வழியிலேயே போயிருந்தது.

ஞாபகம் தவறுகிறவரை அழைத்து வருகிறவர்களுக்கு: பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டை அவர் சட்டைப்பையில் வையுங்கள். கழிப்பறைக்குப் போனாலும் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். பாதை பிரியும் முனையில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிசிடிவி பார்க்க நேர்ந்தால் அந்தக் கடைத் திரையிலேயே உடனே பார்த்து, போனில் எடுத்துக்கொள்ளுங்கள். கன்வர்ட் செய்வதெல்லாம் அப்புறம்.

நானும் போனில் எடுத்தேன். பதினெட்டு வினாடி. அன்று சாயங்காலம் அண்ணி போனில் கேட்டார்: "அவரு உன்னத் தேடினாரா?"

"இல்ல அண்ணி. அவர் பாட்டுக்கு நடந்து போனாரு."

அண்ணி இதைப் படிப்பார். தேடினார், அண்ணி. அந்த முனையில் நின்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.