புதுசக்காவின் மீன் தீனி பாக்கி

புதுசக்காவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதாம். பள்ளி வேன் ஓட்டுநர்களிடம் கிளம்பிய இந்தச் செய்தி, ஜெராக்ஸ் கடையைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போவதற்குள் கை கால் முளைத்து, அரியர்ஸ் பணத்தில் அவர் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது வரை வளர்ந்துவிட்டது. இவ்வளவு நல்ல செய்தி பொய்யாகப் போய்விடக் கூடாதே என்ற கவலையில் விசாரித்தால், கிடைத்தது வேறு கதை.

புதுசக்கா அந்தப் பள்ளியில் வகுப்பறை பெருக்குகிறவர், கழிவறை கழுவுகிறவர், வாந்தி எடுத்த பிள்ளைக்கு முகம் துடைத்துவிடுகிறவர். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வருஷம் இவரும் வேலைக்குச் சேர்ந்தார். மகள் படித்து முடித்து, செல்போன் கடையில் வேலைக்குப் போய், அவளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. அம்மா மட்டும் இன்னும் புதுசு. காரணம், முழு ஆண்டு விடுமுறை தொடங்கும் நாளில் அவரை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். பள்ளி திறக்கும் நாளில் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். நடுவில் சம்பளம் கிடையாது. இப்படி வருஷத்துக்கு ஒரு வெட்டு விழுந்தால், தொடர்ந்து வேலை பார்த்தார் என்ற பேச்சே எழாது. நிரந்தரம் கேட்கவும் வாய் இருக்காது.

புதிதாகச் சேர்கிறவர்களைக் காலைக் கூட்டத்தில் மேடையேற்றிக் கைதட்டுவது அந்தப் பள்ளியின் வழக்கம். வழக்கத்தை மீறலாமா? வருஷா வருஷம் இவரும் ஏறுவார். இவர் மூக்கைச் சிந்திவிட்டு வளர்த்த பிள்ளையொன்று டீச்சராகத் திரும்பி வந்து, இவர் பக்கத்திலேயே புதுசாக நின்ற வருஷமும் உண்டு. அந்த டீச்சர் அடுத்த வருஷமே பழசாகிவிட்டார்.

இந்த விடுமுறையில்தான் சிக்கல் வந்தது. தலைமை ஆசிரியை அறை வாசலில், வருகிறவர்கள் கண் குளிரட்டும் என்று ஒரு மீன் தொட்டி வாங்கி வைத்திருந்தார்கள். லீவு விட்டால் மனிதர்களை நிறுத்திவிடலாம், மீன்களை நிறுத்த முடியாது என்பது கடைசி நாளில்தான் உறைத்தது. நிறுத்தல் கடிதத்தை வாங்கிக்கொண்டு படி இறங்கியவரைத் தலைமை ஆசிரியை திரும்பக் கூப்பிட்டு, உரிமையோடு சாவியைக் கையில் வைத்தார்.

“நீ போட்டாத்தாம்மா அதுங்க ஒழுங்கா சாப்பிடும்.”

தட்ட முடியவில்லை. வேலையில் இல்லாத புதுசக்கா தினமும் வந்து பூட்டைத் திறந்தார். தீனி பாதியில் தீர்ந்தபோது, வளர்ப்பு மீன் விற்கும் கடையில் கடன் சொல்லி ஒரு டப்பா வாங்கினார். லீவு நாளில் அவர் கேட்டைத் திறப்பதைப் பார்த்த வேன்காரர்களின் வாயில்தான் நிரந்தரம் பிறந்தது.

வதந்தி மகள் காதுக்கும் போயிற்று. அவள் அம்மாவைக் குடைந்தாள்.

“லீவுலயும் வேலை பாத்திருக்க. வெட்டே விழலம்மா. போய்க் கேளு.”

“மீனுக்குத் தீனி போட்டதெல்லாம் ஒரு வேலையாடி?”

“போடலைன்னா செத்திருக்கும்ல? அப்ப வேலைதான்.”

பள்ளி திறந்தது. புதுசக்கா மேடையேறினார், கைதட்டு வாங்கினார், இறங்கி நேராக அலுவலகத்துக்குப் போய் மீன் தீனி பில்லை நீட்டினார். நிரந்தரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. கிளார்க் பில்லைப் பார்த்தார். தேதியைப் பார்த்ததும் பேனா நின்றுவிட்டது.

“அக்கா, அந்தத் தேதியில நீங்க இங்க வேலையிலயே இல்லையே.”

“அப்ப மீனுக்கு யாருப்பா போட்டது?”

கிளார்க் தொட்டியைப் பார்த்தார். மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. சாட்சி எதுவும் சொல்லவில்லை. பள்ளிக் கணக்கில் அந்தச் சில்லறையைக் கொடுத்தால், லீவிலும் இவர் பள்ளிக்காக உழைத்தார் என்று பள்ளியே கையெழுத்துப் போட்டதாகிவிடும். ஒரு டப்பா தீனியில் இத்தனை வருஷத்து வெட்டும் ஆட்டம் கண்டுவிடும். அடுத்த லீவுக்குப் பிறகு தன்னைக் கூப்பிடாமலே விட்டுவிடலாம் என்பதும் புதுசக்காவுக்குத் தெரியும். ஆனாலும் பில்லைத் திரும்ப எடுக்கவில்லை.

சத்தம் கேட்டு வெளியே வந்த தலைமை ஆசிரியை கைப்பையைத் திறந்தார். இந்தச் சின்ன விஷயத்துக்கு ஏன் பேச்சு, நானே தருகிறேன் என்றார். புதுசக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“உங்க வீட்டு மீனுக்கு நான் போடலையே மேடம்.”

தலைமை ஆசிரியை குரலைத் தாழ்த்தி, “எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்கம்மா” என்றார். அதில் பொய் இல்லை. பை மூடிக்கொண்டது. பில் கிளார்க் மேசையில், பேப்பர் வெயிட்டுக்கு அடியில் தங்கிவிட்டது.

மீன்கள் கொழுத்துவிட்டன. கடைக்காரர் பள்ளிக்கூடத்து ஆள் யாரைப் பார்த்தாலும் பாக்கியை ஞாபகப்படுத்துவதால், கிளார்க் சுற்றுவழியில் வீட்டுக்குப் போகிறார். புதுசக்கா மட்டும் தினமும் கடை வழியாகவே போகிறார். கேட்டால், பள்ளிக்கூடத்தில் கேளுங்கள் என்கிறார்.

அம்மா தெருவில் தலைகுனிய வேண்டாமே என்று மகள் பர்ஸை எடுத்தாள்.

“உள்ள வை” என்றார் புதுசக்கா. “நீ குடுத்தா கணக்கு தீந்துடும்டி.”